கார் பெயின்ட்ல கீறலா? தேய்க்கிறதுக்கு முன்னாடி எந்த மாதிரி கீறல்னு பாருங்க

எங்க அபார்ட்மென்ட்லயும் சொந்தக்காரங்க வீட்லயும் கார்ல கோடு விழுந்தா முதல் போன் எனக்குத்தான் வரும், அதுல முக்கால்வாசி பேர் ஏற்கனவே கடையில ஒரு ரப்பிங் காம்பவுண்ட் (பாலிஷ விட சொரசொரப்பா தேய்க்கிற பேஸ்ட்) டப்பா வாங்கி கையில வச்சுக்கிட்டுதான் கூப்பிடுவாங்க. அந்த டப்பாவ கொஞ்ச நேரம் ஓரமா வைங்க. கார் பெயின்ட்ல நாம தொட்டுப் பாக்குறது கலருக்கு மேல இருக்கிற நிறமில்லாத கிளியர் கோட், அது சுமார் 40-50 மைக்ரான்தான் இருக்கும், அதாவது ஒரு மில்லிமீட்டர்ல இருபதுல ஒரு பங்கு. கீறல எடுக்கிறதுன்னா கீறலோட அடி வரைக்கும் சுத்தி இருக்கிற கிளியர் கோட்ட தேய்ச்சு இறக்குறதுதான். தேய்ச்சது தேய்ச்சதுதான், திரும்ப வளராது. அதனால கம்மியான வேலைல ஆரம்பிச்சு, பத்தலைன்னா மட்டும் அடுத்த படிக்கு போங்க.

எதுவா இருந்தாலும் முதல்ல இத பண்ணுங்க

அந்த இடத்த ஷாம்பு போட்டு கழுவி காய வைங்க. அழுக்கோட பாத்தா பாதி கீறல் கீறலே இல்ல. காஞ்ச பிறகு நிழல்ல நிறுத்தி மொபைல் டார்ச்ச சாய்வா அடிச்சு பாருங்க, அப்புறம் விரல் நகத்த கீறலுக்கு குறுக்கால மெதுவா ஓட்டுங்க, அழுத்த வேண்டாம். நகம் வழுக்கிட்டு போச்சுன்னா வீட்லயே சரி பண்ண வாய்ப்பு நிறைய இருக்கு, டக்குனு மாட்டுச்சுன்னா பாலிஷால முழுசா போகாது. அப்புறம் கீறல் மேல ஒரு துளி தண்ணி விடுங்க, தண்ணி இருக்கிற வரைக்கும் கோடு மறைஞ்சு, காஞ்சதும் திரும்ப தெரிஞ்சா அது கிளியர் கோட்லதான் இருக்கு. தண்ணி விட்டும் அப்படியே தெரிஞ்சா கலர் லேயர் வரைக்கும் போயிருச்சு.

மேட் ஃபினிஷ் பெயின்ட் வச்ச கார்னா கீழ சொல்ற பாலிஷ் வேலை எதையும் செய்யாதீங்க. அதுல பாலிஷ் பட்ட இடம் பளபளன்னு திட்டா நிக்கும், அத திரும்ப மேட்டாக்க முடியாது.

அறிகுறி: வெயில்ல பாத்தா சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமா கோடு

எனக்கு வர்ற போன்ல இதுதான் அதிகம், கருப்பு, அடர் நீலம், மெரூன் கார்ல நல்லா தெரியும், வெள்ளையிலயும் சில்வர்லயும் இருக்கும் ஆனா கண்ணுக்கு படாது. இதுக்கு காரணம் யாரோ கீறினது இல்ல, தினமும் துடைக்கிறதுதான். காலைல அஞ்சரை மணிக்கு கார் துடைக்கிற அண்ணன் ஒரு வாளி தண்ணி, ஒரு பனியன் வேஸ்ட், இத வச்சு வரிசையா பத்து காரையும் துடைச்சுட்டு போவாரு, முதல் கார் மண்ணு பத்தாவது கார் பானட்ல ஏறுது. பக்கத்துல பில்டிங் கட்டுறாங்கன்னா இன்னும் மோசம், காத்துல வர்ற மணல் தூசி மேல துணி போட்டு அழுத்தினா அது உப்புத்தாள்தான்.

சுலபமான காரணம், மேல ஒட்டியிருக்கிற அழுக்கு. கழுவின பிறகும் கை வச்சா சொரசொரன்னு இருந்தா க்ளே பார் (ஒட்டின அழுக்க இழுத்து எடுக்கிற களிமண் மாதிரி கட்டி) போடுங்க. லூப்ரிகன்ட் (வழுக்க வைக்கிற ஸ்ப்ரே) தாராளமா அடிச்சு, க்ளேவ அழுத்தாம நேர் கோட்ல ஓட்டுங்க, அழுக்காகிட்டா மடிச்சு புது பக்கம் எடுங்க, கீழ விழுந்துட்டா தூக்கி போட்டுடுங்க, அத திரும்ப உபயோகிச்சா நீங்களே புதுசா கீறல் போடுறீங்க. சொரசொரப்பு போயும் வட்டக் கோடு இருந்தா நிஜமான ஸ்வர்ல் மார்க்.

அடுத்தது ஃபினிஷிங் பாலிஷ், காம்பவுண்ட விட மென்மையா தேய்க்கிறது. கையால பண்றதா இருந்தா கொஞ்ச இடம்தான் முடியும், ஒரு பானட் முழுக்க கையால தேய்ச்சா தோள்பட்டை போயிடும், ரிசல்ட்டும் திட்டு திட்டா வரும். முழு காருக்கும்னா டூயல் ஆக்ஷன் பாலிஷர், சுருக்கமா டிஏ மெஷின். கடையில ரோட்டரி மெஷின் மலிவா கிடைக்கும், ஆங்கிள் கிரைண்டர்ல பேட் மாட்டியும் சிலர் ஓட்டுவாங்க, புதுசா பழகுறவங்க ரெண்டையும் தொடாதீங்க, ஒரே இடத்துல சுத்தி சூடாகி ஓரத்துல பெயின்ட்ட எரிச்சிடும். டிஏல பேட் சுத்திக்கிட்டே அலையவும் செய்யும், சூடு அவ்வளவா ஏறாது.

எப்படி பண்ணனும்னா, வெயில் இல்லாத இடம், பானட் கைக்கு குளுமையா இருக்கணும். பாடி லைன், பேனல் ஓரம், ரப்பர் பீடிங், கருப்பு பிளாஸ்டிக் எல்லாத்துக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்க, ஓரத்துல பெயின்ட் எப்பவும் மெல்லிசு. முதல்ல ஒரே ஒரு சின்ன இடத்துல, ரெண்டு அடிக்கு ரெண்டு அடி, சாஃப்ட் ஃபோம் பேட்ல பட்டாணி அளவு நாலு சொட்டு பாலிஷ் வச்சு, மெஷின் ஆஃப்ல இருக்கும்போதே தடவிட்டு, அப்புறம் நடு வேகத்துல மெதுவா நகத்துங்க, முதல்ல மேலயும் கீழயும், அப்புறம் இடமும் வலமும், நாலஞ்சு ரவுண்டு போதும். துடைச்சுட்டு ஐசோப்ரோபைல் ஆல்கஹால்ல பாதிக்கு பாதி டிஸ்டில்டு வாட்டர் கலந்து அந்த இடத்த துடைச்சு டார்ச் அடிச்சு பாருங்க. இந்த ஆல்கஹால் துடைப்ப விடவே கூடாது, பாலிஷ்ல இருக்கிற எண்ணெய் கீறல நிரப்பிட்டு போனமாதிரி காட்டும், எண்ணெய எடுத்த பிறகு தெரியறதுதான் உண்மை.

எண்பது சதவீதம் போயிருந்தா அங்கயே நிறுத்துங்க. மிச்ச இருபதுக்கு காம்பவுண்ட் போட்டு தேய்ச்சா எவ்வளவு கிளியர் கோட் போச்சுன்னு உங்களுக்கு அளக்க வழியில்ல. சூரிய வெளிச்சத்த தாங்குற சத்து கிளியர் கோட்லதான் இருக்கு, அது ரொம்ப மெல்லிசானா சில வருஷத்துல கூரையிலயும் பானட்லயும் வெளுத்து உரிய ஆரம்பிக்கும், அப்ப ரீபெயின்ட் தவிர வேற வழியே இல்ல.

டீட்டெய்லர்கிட்ட (கார் பெயின்ட் பாலிஷ், பராமரிப்பு வேலை பண்றவர்) போகணும்னா எப்போ? பாலிஷ் போட்டும் பாதிக்கு மேல நிக்குது, இல்ல கார் பழசு, முன்னாடி எத்தனை தடவ பஃபிங் (மெஷின் பாலிஷ்) பண்ணினாங்கன்னு தெரியல, இந்த ரெண்டுலயும் போங்க. அவர்கிட்ட பெயின்ட் தடிமன அளக்கிற திக்னஸ் மீட்டர் இருக்கான்னு கேளுங்க. கம்பெனி பெயின்ட் எல்லா லேயரும் சேர்த்து பொதுவா 90ல இருந்து 150 மைக்ரான் காட்டும், 200க்கு மேல போனா அந்த பேனல் ரீபெயின்ட் பண்ணது, இன்னும் பல மடங்கு காட்டினா உள்ள பட்டி இருக்கு. செகண்ட்ஸ்ல வாங்கின காருக்கு இது ரொம்ப உபயோகம். மீட்டர் இல்லாம நேரா மெஷின எடுக்கிறவர்கிட்ட கார விடாதீங்க.

அறிகுறி: ஒரே ஒரு கோடு, நகம் மாட்டல

பை உரசினது, செடி கிளை, பூனை ஏறி இறங்கினது, துணி காயப்போடுற கொடி, இந்த மாதிரி. இதுக்கு மெஷின் வேண்டாம். ஃபோம் அப்ளிகேட்டர்ல கொஞ்சம் பாலிஷ் எடுத்து கீறலும் அத சுத்தி ரெண்டு விரக்கடையும் மட்டும் ஒரு நிமிஷம் தேய்ங்க, துடைச்சு பாருங்க, தேவைன்னா இன்னொரு தடவ. மூணு தடவைக்கும் நகரலைன்னா கொஞ்சம் கடினமான காம்பவுண்ட் ஒரு தடவ, அதுக்கப்புறம் கண்டிப்பா திரும்ப ஃபினிஷிங் பாலிஷ், இல்லைன்னா கோடு போன இடத்துல மங்கலா ஒரு திட்டு நிக்கும்.

டூத்பேஸ்ட் போட சொல்றவங்க நிறைய பேர் இருக்காங்க. அதுல இருக்கிற துகள் பல்லுக்கு செஞ்சது, கார் பெயின்ட்டுக்கு இல்ல, கோட்ட மங்க வச்சு சுத்தியும் மங்க வைக்கும். தேங்காயெண்ணெய், டேஷ்போர்டு பாலிஷ் எல்லாம் மறைக்கும், ரெண்டு மழை வந்தா கோடு திரும்ப வரும். இத சரி பண்ணதா நினைச்சுக்காதீங்க, அவ்வளவுதான்.

அறிகுறி: கதவு கைப்பிடிக்கு பின்னாடி குழியில சின்னச் சின்ன கோடு

நகம், மோதிரம், வளையல். எல்லா கார்லயும் இருக்கும். விரல்ல மைக்ரோஃபைபர் துணி சுத்தி கொஞ்சம் பாலிஷ் வச்சு ரெண்டு நிமிஷம், முடிஞ்சது. அப்புறம் கைப்பிடிக் குழிக்குன்னே வெட்டின டிரான்ஸ்பரன்ட் ஃபிலிம் ஒட்டிடுங்க, மலிவாதான் கிடைக்கும். இதுக்கு யார்கிட்டயும் போக வேண்டாம்.

அறிகுறி: வேற கலர் ஒட்டியிருக்கு

பம்பர் மூலையில வெள்ளையா, மஞ்சளா, கருப்பா ஒரு தீத்தல். டிராஃபிக்ல பைக் உரசினது, ஆட்டோ உரசினது, அபார்ட்மென்ட் தூண்ல அடிச்ச பெயின்ட். பாக்க பயங்கரமா இருக்கும், ஆனா பெரும்பாலும் அடுத்தவன் பெயின்ட் உங்க பெயின்ட் மேல உக்காந்திருக்கு, உங்களது கீழ நல்லாவே இருக்கும். முதல்ல ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட மைக்ரோஃபைபர். போகலைன்னா க்ளே பார். அதுக்கும் போகலைன்னா கையால பாலிஷ். டயர் ரப்பரா, ரோட்டு தாரா இருந்தா தார் ரிமூவர், இல்ல டபிள்யூடி-40 கொஞ்சம் துணில அடிச்சு துடைச்சுட்டு உடனே ஷாம்பு போட்டு கழுவுங்க.

பெயின்ட் தின்னர் மட்டும் தொடாதீங்க. கம்பெனி பெயின்ட் அடுப்புல சுட்டு கெட்டியானது, கொஞ்சம் தாங்கும், ஆனா பம்பர் எப்பயாவது வெளியில ரீபெயின்ட் ஆகியிருந்தா தின்னர் பட்டதும் இளகி துணியோட வந்துடும்.

எல்லாம் எடுத்த பிறகு கீழ நிஜமா ஆழமா கோடு இருந்தா அடுத்த அறிகுறிக்கு போங்க.

அறிகுறி: நகம் மாட்டுது

இப்ப கோட்டுக்குள்ள என்ன கலர் தெரியுதுன்னு பாருங்க. கார் கலர்லயே இருந்தா கிளியர் கோட் அடி வரைக்கும் போயிருக்கு, பாலிஷ் போட்டா விளிம்பு மழுங்கி அவ்வளவா தெரியாது, முழுசா போகாது, அதோட விட்டுடலாம். சாம்பலோ வெள்ளையோ தெரிஞ்சா பிரைமர், அதாவது கலருக்கு அடியில அடிக்கிற லேயர். பளபளன்னு தகடு தெரிஞ்சா அவசரம். பம்பர்ல கருப்பா தெரிஞ்சா பிளாஸ்டிக், துருப்பிடிக்காது, அதனால நிதானமா பண்ணலாம்.

தகடு தெரியறத சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்ல இருக்கிறவங்க தள்ளிப் போடாதீங்க, உப்புக் காத்துல துரு சீக்கிரமே ஆரம்பிச்சு பக்கத்து பெயின்ட்டுக்கு அடியில பரவும். அப்போதைக்கு ஒண்ணும் கையில இல்லைன்னா கழுவி நல்லா காய வச்சு மேல ஒரு டேப்பாவது ஒட்டி வைங்க.

டச்சப் பெயின்ட் (கீறின இடத்துல மட்டும் தொட்டு வைக்கிற பெயின்ட்) வாங்க உங்க கார் கலரோட குறியீடு வேணும், டிரைவர் கதவு தூண்லயோ பானட்டுக்குள்ள இருக்கிற பிளேட்லயோ பாருங்க, கிடைக்கலைன்னா சர்வீஸ் சென்டர்ல வண்டி நம்பர் சொன்னா எடுத்து சொல்வாங்க. வெறும் வெள்ளைன்னு கேட்டு வாங்காதீங்க, ஒரே கம்பெனியிலயே வெள்ளைல ரெண்டு மூணு இருக்கும். ஆல்கஹால்ல துடைச்சு, துரு இருந்தா நுனியா மடிச்ச சன்ன உப்புத்தாள்ல துரு மட்டும் சுரண்டி, பிரைமர் ஒரு தொடு, காஞ்சதும் கலர். டப்பாவோட வர்ற பிரஷ் தடிமனா இருக்கும், அத விட பல்குத்துற குச்சி நுனி, இல்ல சின்ன டிராயிங் பிரஷ் நல்லது. ஒரே தடவையில கொழகொழன்னு வைக்காம ரெண்டு மூணு மெல்லிசான கோட், நடுவுல அரை மணி நேரம் காய விட்டு, கடைசியா கிளியர். ஒரு வாரத்துக்கு அந்த இடத்துல பாலிஷ் எதுவும் வேண்டாம். கிட்ட வந்து பாத்தா தெரியும், நாலடி தள்ளி நின்னா தெரியாது, துரு வராது, அதுதான் இதோட வேலை.

ஒரு சாண் நீளத்துக்கு மேல தகடு தெரியுது, இல்ல கீறலோட டென்ட்டும் இருக்கு, இல்ல சாவியால ரெண்டு கதவுக்கும் சேர்த்து கோடு போட்டிருக்காங்க, அப்ப டிங்கரிங் பெயின்டிங்தான். இதுல இன்ஷூரன்ஸ் க்ளைம் போடலாமான்னு எல்லாரும் கேப்பாங்க. கணக்கு போட்டு பாருங்க. ஜீரோ டெப் (பாகங்களோட தேய்மானத்த கழிக்காம பணம் தர்ற) பாலிசியா இருந்தாலும் கட்டாய டிடக்டபிள் உங்க கைக்காசு, 1500 சிசி வரைக்கும் 1000 ரூபாய், அதுக்கு மேல 2000 ரூபாய். அதோட நோ க்ளைம் போனஸ் போயிடும், அது முதல் வருஷம் 20 சதவீதத்துல ஆரம்பிச்சு க்ளைம் இல்லாம அஞ்சு வருஷம் போனா 50 வரைக்கும் வர்ற தள்ளுபடி. 50ல இருக்கிறவர் ஒரு கதவுக் கீறலுக்கு க்ளைம் போட்டா பெரும்பாலும் நஷ்டம். மூணு நாலு பேனல் சேர்ந்து போச்சுன்னா வேற கணக்கு, அப்ப போடுங்க.

ரீபெயின்ட் பண்ண பேனலுக்கு ஒரு மாசத்துக்கு மேல வாக்ஸ், கோட்டிங் எதுவும் வேண்டாம், உள்ள இருக்கிற சால்வென்ட் வெளிய வரணும். டெலிவரி எடுக்கும்போதே டெஃப்லான் கோட்டிங் போட்டு தர்றேன்னு சொன்னா அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்லிடுங்க.

அறிகுறி: கோடு இல்ல, வெள்ளை வளையமா புள்ளி, இல்ல பள்ளமா ஒரு கறை

இது கீறலே இல்ல, ஆனா கீறல்னு நினைச்சு தேய்க்கிறவங்க நிறைய, அதனால சொல்றேன். வெள்ளை வளையம் போர் தண்ணி காஞ்ச உப்பு. வெயில்ல நிறுத்தி கழுவிட்டு துடைக்காம விட்டா வரும். சமையல் வெள்ளை வினிகர்ல சம அளவு டிஸ்டில்டு வாட்டர் கலந்து நிழல்ல ஒரு நிமிஷம் நனைய வச்சு, காயறதுக்குள்ள கழுவிடுங்க. வினிகர் வாக்ஸையும் பலவீனமாக்கும், அதனால அந்த இடத்துல திரும்ப வாக்ஸ் போடணும். போகலைன்னா உப்பு கிளியர் கோட்ட அரிச்சிருச்சு, அதுக்கு பாலிஷ்தான்.

பறவை எச்சம்னா அதுல அமிலமும் இருக்கும், மண்ணும் விதையும் இருக்கும். காஞ்சத டிஷ்யூவால ஒரு இழுப்பு இழுத்தா கறை போகும், நாலு கோடு வரும். நனைச்ச டிஷ்யூவ அது மேல போட்டு பத்து நிமிஷம் ஊற விட்டு, அப்படியே தூக்கி எடுங்க. கார்ல ஒரு தண்ணி பாட்டிலும் ஒரு பழைய மைக்ரோஃபைபரும் எப்பவும் இருக்கட்டும், மரத்தடியில நிறுத்துறவங்களுக்கு இத விட பெரிய உபகாரம் எதுவும் இல்ல. சித்திரை வெயில்ல ஒரு பகல் அப்படியே கிடந்தா பெயின்ட்ல பள்ளமே விழுந்துடும், கை வச்சா தெரியும், அத ஓரளவுதான் எடுக்க முடியும்.

அறிகுறி: பஃபிங் பண்ணிட்டு வந்த பிறகு பெயின்ட்ல மேகம் மாதிரி, வில் வில்லா நிழல்

கார் வாஷ் கடையில ரோட்டரில ஊல் பேட் போட்டு அவசரமா ஓட்டினா வர்றது, ஹோலோகிராம்னு சொல்வாங்க. கடையில டியூப் லைட் கீழ, எண்ணெய் பாலிஷோட பாத்தா கண்ணாடி மாதிரி இருக்கும், ரெண்டு வாஷ் கழிச்சு வெயில்ல நிறுத்தும்போதுதான் தெரியும். சாஃப்ட் பேட், ஃபினிஷிங் பாலிஷ், டிஏ மெஷின்ல ஒரு ரவுண்டு போதும், போயிடும். அதே கடைக்கே திரும்ப போறதா இருந்தா வண்டி எடுக்கும்போது ஆல்கஹால்ல ஒரு பேனல துடைச்சு காட்ட சொல்லி வெயில்ல பாருங்க. துடைக்க மறுத்தா வேற கடை பாருங்க.

அறிகுறி: எல்லாம் சரி பண்ணியும் மூணு மாசத்துல திரும்ப வருது

அப்ப பிரச்சனை கழுவுறதுலயும் துடைக்கிறதுலயும் இருக்கு, வரிசையா ஒவ்வொண்ணா பாருங்க.

தினசரி துடைக்கிறத நிறுத்த முடியுமா? தூசி பெயின்ட் மேல சும்மா உக்காந்திருந்தா ஒண்ணும் பண்ணாது, துணி போட்டு இழுக்கும்போதுதான் கீறும். கார் துடைக்கிற அண்ணன்கிட்ட பேசுங்க, சம்பளத்த குறைக்காதீங்க, தினமும் கண்ணாடியும் லைட்டும் மட்டும் துடைச்சா போதும், வாரத்துக்கு ஒரு நாள் நிறைய தண்ணி ஊத்தி கழுவுங்கன்னு சொல்லுங்க, உங்க காருக்குன்னு ரெண்டு மைக்ரோஃபைபரும் ஒரு வாஷ் மிட்டும் (கழுவுறதுக்கான கையுறை) வாங்கி கொடுங்க. நான் சொல்லி மாத்தினவங்க கார்ல கோடு விழுறது கண்ணு முன்னாடி குறைஞ்சது. அவருக்கும் வேலை கம்மி, மறுக்கவே மாட்டாரு.

கழுவும்போது தொடுறதுக்கு முன்னாடி தண்ணி அடிச்சு மண்ண இறக்கணும். ஒரு வாளில ஷாம்பு, இன்னொண்ணுல வெறும் தண்ணி, ஒவ்வொரு தடவையும் மிட்ட வெறும் தண்ணில அலசிட்டுதான் ஷாம்புல முக்கணும். கூரைல ஆரம்பிச்சு கீழ வாங்க, சக்கரத்து பக்கமும் கதவு அடிப்பாகமும் கடைசில, அதுக்கு வேற துணி. பாத்திரம் கழுவுற லிக்விட் வேண்டாம், வாக்ஸ கழுவி எடுத்துடும்.

கவர் போடுறீங்களா? தூசியோட இருக்கிற கார்ல கவர் போட்டா காத்துல கவர் ஆடி ஆடி அந்த தூசியாலயே தேய்க்கும், கண்ணாடி மூலையிலயும் பம்பர் ஓரத்துலயும் மங்கலா தேஞ்சு நிக்கிறது இதனாலதான். மூடின பார்க்கிங் இருந்தா கவரே வேண்டாம். வெட்டவெளின்னா கழுவின கார்ல மட்டும், உள்ள மெத்துன்னு துணி வச்ச கவர், அடியில பெல்ட் கட்டி.

ஆயுத பூஜைக்கு பானட்ல சந்தனம் குங்குமம் வைக்கிறது, முன்னாடி வாழைக்கன்னு கட்டுறது எல்லாம் நானும் பண்றதுதான். முந்தின நாளே வாக்ஸ் போட்டுட்டு வைங்க, காஞ்ச சந்தனத்தையும் விபூதியையும் வறட்டுத் துணியால துடைக்காம தண்ணில ஊற விட்டு எடுங்க, வாழைப் பால் வடிஞ்சு காயறதுக்குள்ள கழுவிடுங்க. கல்யாணத்துக்கு பூ அலங்காரம் பண்ண கார் கொடுத்தா பெயின்ட் மேல செல்லோ டேப்பும் கம்பியும் வேண்டாம்னு முன்னாடியே சொல்லிடுங்க, டேப் வேணும்னா மாஸ்கிங் டேப் மட்டும்.

கடைசியா கோட்டிங். வாக்ஸ் நம்ம வெயிலுக்கு ஒண்ணு ரெண்டு மாசம், சீலன்ட் சில மாசம், செராமிக் கோட்டிங் ஒழுங்கா பராமரிச்சா சில வருஷம். மூணுமே தண்ணி வழுக்கவும் அழுக்கு ஒட்டாம இருக்கவும்தான், கீறல தடுக்காது. 9எச்னு பெருசா போட்டிருக்கிறது பென்சில் கடினத்துக்கு வச்ச அளவு, மண்ணு தேய்ச்சா அதுலயும் கோடு விழும். கீறல நிஜமா தாங்குறது பிபிஎஃப் (பெயின்ட் புரொடெக்ஷன் ஃபிலிம்) மட்டும்தான், அது 150-200 மைக்ரான் தடிமன்ல இருக்கிற ஃபிலிம், மெல்லிசான கோடு வெயில் சூட்டுல தானா மறையும். முழு காருக்கும் போட்டா செலவு ரொம்ப அதிகம், அதனால பானட், முன் பம்பர், கைப்பிடிக் குழி, டிக்கில பை ஏத்துற ஓரம், இந்த நாலுக்கு மட்டும் போட்டுக்கலாம். டிபியுங்கிற பிளாஸ்டிக்ல செஞ்ச ஃபிலிமான்னு கேட்டு, ரோல்ல எழுதியிருக்கிறத பாத்து, வாரன்டிய பேப்பர்ல வாங்குங்க. பிவிசி ஃபிலிம் ரொம்ப மலிவா கிடைக்கும், வெயில்ல மஞ்சளாகும், உரிக்கும்போது பசை பெயின்ட்லயே நிக்கும்.

மைக்ரோஃபைபர தனியா துவைங்க, பருத்தித் துணியோட போட்டா பஞ்சு ஒட்டிக்கும், கம்ஃபர்ட் மாதிரி லிக்விட் போட்டா இழை மழுங்கி தண்ணி இழுக்காது. தரையில விழுந்த துணிய அன்னிக்கே சக்கரம் துடைக்கிற துணியா மாத்திடுங்க, திரும்ப பெயின்ட் பக்கம் கொண்டு வராதீங்க.